எடையில்லாத துணை

2022 ஜனவரி 3-ஆம் தேதி பிரீத் சண்டி தென்துருவத்தை அடைந்தார். பஞ்சாபி வம்சாவளியில் பிறந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, தொழில் பிசியோதெரபி. சுமார் 90 கிலோ எடையுள்ள சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு, அன்டார்க்டிகாவின் கரையோரத்திலிருந்து 40 நாளில் ஏறக்குறைய 1,130 கிலோமீட்டர் போயிருந்தார். அதுவும் தன்னந்தனியாக.

அந்தச் செய்தியைப் படித்த யாருக்கும் சில சந்தேகங்கள் எழுந்திருக்கும். தனியாகத்தான் போனார் என்றால் அவர் போய்ச் சேர்ந்தது நமக்கு எப்படி உடனே தெரிந்தது? நடுவழியில் காலை உடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு வண்டி பின்னாலேயே வருமோ? அப்படியென்றால் அது என்ன தனிமை?

அப்படி எந்த வண்டியும் வருவதில்லை. பல நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மனித வாடையே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவருக்குத் துணை இல்லை என்பது உண்மையல்ல. அந்தத் துணை எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எது வரலாம், எது வரக்கூடாது

துருவப் பயணிகளுக்குள் ஒரு கண்டிப்பான மரபு உண்டு. கூட ஆள் இல்லாமல் போனால் அது தனிப்பயணம். அதோடு வழியில் எந்தப் பொருளும் வாங்காமல், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே இழுத்துப் போனால் அது ‘துணையற்ற பயணம்’. விமானம் ஒரு மூட்டை உணவைப் போட்டாலோ, வழியிலுள்ள முகாமில் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் குடித்தாலோ அந்தப் பெயர் போய்விடும்.

ஆனால் தொலைபேசியில் மருத்துவரைக் கேட்கலாம். நாளைக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று விசாரிக்கலாம். வீட்டாரோடு பேசி அழலாம். இவை எதுவும் துணையாகக் கணக்கில் வருவதில்லை.

அதாவது எடையுள்ள எதுவும் வரக்கூடாது. எடையில்லாதது எவ்வளவும் வரலாம். இதைக் கேட்டால் முதலில் சிறுபிள்ளை விளையாட்டின் விதி போலத்தான் தோன்றும். ஆனால் இந்தக் கோட்டை அவர்கள் கிழித்திருக்கும் இடம் தற்செயலானதல்ல. பனியில் ஒருவரைத் தோற்கடிப்பது எடை, காப்பாற்றுவது தகவல்.

ஒரு கிலோ, ஒரு நாள்

எடையின் கணக்கு எளிது. நாள் முழுக்க வண்டியிழுக்கும் உடல் 6,000 கலோரிக்கு மேலும் எரிக்கக்கூடும். ஒரு கிலோ அரிசியில் இருப்பது சுமார் 3,500 கலோரி. ஒரு கிலோ வெண்ணெயில் அதைப்போல இரண்டு மடங்கு. வெண்ணெயையே தின்றுகொண்டு போகலாமே என்றால் வயிறு ஒத்துக்கொள்ளாது. ஆகவே உணவு வல்லுநர்கள் கொழுப்பைக் கூட்டி, நீரை முழுக்க வற்றவைத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் 5,000 கலோரி அளவுக்கு அடைக்கிறார்கள். மீதியை உடலே தன் சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால்தான் கிளம்பும் முன் வேண்டுமென்றே எடை போடுகிறார்கள்.

கூடுதலாகப் பத்து நாள் உணவு கொண்டுபோனால் பாதுகாப்புதானே? அப்படியில்லை. வண்டி கனத்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நாள் கூடும். நாள் கூடினால் உணவும் கூட வேண்டும். சண்டி அடுத்த கோடைப் பருவத்தில் கண்டத்தையே குறுக்கே கடக்கக் கிளம்பியபோது வண்டியின் எடை சுமார் 120 கிலோ. 70 நாள் முடிவில் ஏறக்குறைய 1,485 கிலோமீட்டர் போயிருந்தார். நினைத்த இடம் இன்னும் மிச்சமிருந்தது; பருவம்தான் மிச்சமில்லை.

வானத்தில் எங்கே நெரிசல்?

துருவத்தில் செல்போன் கோபுரம் கிடையாது என்பது தெரிந்ததே. செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு.

நம் வீட்டு மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அது பார்ப்பது, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோளை. இதை ‘நிலைக்கோள்’ என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பார்த்தால் அது வானில் உயரத்தில் இருக்கும். நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகப் போக அது தாழ்ந்துகொண்டே வரும். 81 பாகை அட்சரேகையைத் தாண்டினால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். நடுவில் பூமியின் வளைவே குறுக்கே நிற்கிறது. தென்துருவம் இருப்பது 90 பாகையில்.

இதைத் தீர்த்தது 1998-இல் சேவையைத் தொடங்கிய இரிடியம் அமைப்பு. அதன் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்டத் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 நிமிடம். நிலநடுக்கோட்டின் மேல் அவற்றின் பாதைகள் விலகிக் கிடக்கின்றன. துருவத்துக்கு அருகிலோ எல்லாப் பாதைகளும் நெருங்கி வந்து சேருகின்றன. ஆகவே உலகில் மனிதர்கள் மிகக் குறைவாக உள்ள இடத்துக்கு மேல்தான் இந்தச் செயற்கைக்கோள்கள் மிக அதிகமாக நெரிகின்றன. சட்டைப்பையில் அடங்கும் ஒரு போன், கோடையின் அணையாத சூரியனில் அதைச் சார்ஜ் செய்ய ஒரு சிறு சூரியத்தகடு, இரண்டும் போதும்.

கருவி கிடைத்துவிட்டது. இனி அதன் மறுமுனையில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலைதான் கடினம். அந்த வேலை என்ன என்று காட்ட, இரிடியத்துக்கு 64 ஆண்டு முன்னால் நடந்த ஒரு சம்பவம் போல் வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

1934: பனிக்கடியில் ஓர் அறை

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட் அப்போதே உலகப்புகழ் பெற்றவர். தமது இரண்டாம் அன்டார்க்டிகப் பயணத்தில், ராஸ் பனித்திட்டின் விளிம்பில் ‘லிட்டில் அமெரிக்கா’ என்ற தளத்தில் பெரிய குழுவோடு தங்கியிருந்தார். அங்கிருந்து உள்ளே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, பனிக்கடியில் ஒரே ஒரு அறை கொண்ட குடிலைப் புதைத்தார்கள். கடலின் பாதிப்பு இல்லாத உள்நாட்டில் குளிர்காலம் முழுக்க வானிலையை அளக்க வேண்டும் என்பது நோக்கம். மூன்று பேர் தங்குவதாக இருந்த திட்டம். ஆனால் மூவருக்கான சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் காலம் இல்லை. இரண்டு பேரை மாதக்கணக்கில் ஒரே அறையில் அடைத்தால் ஒருவரையொருவர் வெறுத்துவிடுவார்கள் என்று அவருக்கு அச்சம். தாமே தனியாக இருப்பதாக முடிவெடுத்து மார்ச் இறுதியில் உள்ளே இறங்கினார். குளிர்காலத்தில் யாரும் தம்மைத் தேடி வரக்கூடாது என்று கண்டிப்பான கட்டளையும் போட்டிருந்தார்.

தொடர்பு ரேடியோ வழியாக, வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரத்தில். தளத்திலிருந்து பேசுபவர்களின் குரல் பேர்டுக்குக் கேட்கும். அவர் பதில் சொல்வது மோர்ஸ் தந்தியில். கட்டையைத் தட்டித் தட்டித்தான். அதில் அவர் தேர்ந்தவரும் அல்ல.

மே 31 அன்று தந்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது, ரேடியோவுக்கு மின்சாரம் தரும் பெட்ரோல் எந்திரம் விட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. அது பக்கத்துப் பனிச்சுரங்கத்தில் இருந்தது. பார்க்கப் போனவர் அங்கேயே சுருண்டு விழுந்தார். எந்திரத்தின் புகைபோக்கியில் பனி அடைத்திருந்தது. சுரங்கம் முழுக்க கார்பன் மோனாக்சைடு. அறையைச் சூடாக்கும் அடுப்பும் பல வாரமாக அதே வாயுவைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டுக்கொண்டிருந்தது.

போதிய காற்றில்லாமல் எரியும் எந்த எரிபொருளும் இந்த வாயுவைத் தரும். நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்ளும். பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவர் மாதிரி, கார்பன் மோனாக்சைடு முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்; ஆக்சிஜன் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். முதலில் பாதிக்கப்படுவது மூளை. தலைவலி, வாந்தி, குழப்பம். குழப்பம் வந்தவருக்குத் தாம் குழம்பியிருப்பது தெரியாது. இந்த அத்தியாயத்தின் ஆணிவேரே இதுதான்.

சொல்லாததைக் கேட்டவர்கள்

பேர்டுக்கு ஓர் இக்கட்டு. உண்மையைச் சொன்னால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். துருவ இரவின் இருட்டில், மைனஸ் 60 டிகிரியையும் தாண்டும் குளிரில், வெடிப்புகள் நிறைந்த பனியில் அவர்கள் செத்துப்போகலாம். ஆகவே மறைத்தார். அடுப்பை ஏற்றினால் நஞ்சு, அணைத்தால் குளிர். நாளின் பெரும்பகுதி அணைத்தே வைத்தார். பெட்ரோல் எந்திரத்தை விட்டுவிட்டு, கையால் சுற்றும் அவசரக்கால ஜெனரேட்டரைச் சுற்றித் தந்தி அனுப்பினார். உடல் நலம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லிட்டில் அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? சொற்களை மட்டும் எழுதி வைத்துப் படித்தால் எல்லாம் நலமே. ஆனால் தந்திக்காரர்கள் சொற்களை மட்டும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் கட்டையைத் தட்டும் விதத்தில் ஒரு தனித்தன்மை உண்டு: புள்ளிக்கும் கோட்டுக்கும் விடும் இடைவெளி, வேகம், வழக்கமாகச் செய்யும் பிழைகள். இதைக் ‘கைவாகு’ எனலாம். அனுபவப்பட்டவர்கள் கைவாகை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் பேர்டின் கைவாகு அவர்களுக்குப் பழகியிருந்தது. மோசமான தந்திதான்; ஆனால் ஒரே மாதிரி மோசம். ஜூனிலிருந்து அது மாறியது. சொற்கள் நடுவில் அறுந்தன. இடைவெளிகள் நீண்டன. குறித்த நேரத்தில் தொடர்பு தவறியது. ஜெனரேட்டர் பழுது என்று அவர் சொன்ன காரணம் சிலவற்றை விளக்கியது, எல்லாவற்றையும் விளக்கவில்லை.

இங்கே கவனியுங்கள். தளத்தில் இருந்தவர்களிடம் நோயைக் காட்டும் எந்தக் கருவியும் இல்லை. அவர்களிடம் இருந்தது இரண்டு மாதப் பழக்கம் மட்டும்தான். வழக்கம் எது என்று தெரிந்திருந்ததால்தான் வழக்கத்திலிருந்து விலகியது தெரிந்தது. பேர்ட் முதல் வாரமே நோய்வாய்ப்பட்டிருந்தால், ‘அட்மிரலுக்குத் தந்தி வராது’ என்று சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

குழுவின் தலைமை அறிவியலாளரும் பேர்டுக்கு அடுத்த நிலையில் இருந்தவருமான தாமஸ் பௌல்டர் ஒரு வழி கண்டார். அவர் ஏற்கெனவே எரிகற்களைக் கவனித்துப் பதிவுசெய்து வந்தார். ஒரே எரிகல்லை வெகு தொலைவிலுள்ள இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் அதன் உயரத்தைக் கணக்கிடலாம். அதற்கு பேர்டின் குடில் மிகப் பொருத்தமான இரண்டாம் இடம். ஆகவே எரிகல் ஆராய்ச்சிக்காக முன்கூட்டியே அங்கே வர அனுமதி கேட்டார். ஆராய்ச்சி உண்மையானதுதான். ஆனால் அவசரத்துக்குக் காரணம் எரிகல் அல்ல. கட்டளையை மீறாமலே கட்டளையைச் சுற்றிப்போகும் இந்தத் தந்திரத்தை எண்ணி எனக்கு இன்றும் வியப்பு.

பேர்ட் நிபந்தனைகளோடு சம்மதித்தார். பனி டிராக்டரில் முதல் முயற்சி ஜூலையில் கிளம்பியது. வழிகாட்ட நட்டிருந்த கொடிகள் பனியில் மூழ்கியிருந்ததால் திரும்பியது. இரண்டாம் முயற்சி எந்திரக் கோளாறால் முடங்கியது. மூன்றாம் முறை ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பௌல்டர், பீட் டெமாஸ், ரேடியோக்காரர் ஏமரி வெய்ட் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். பேர்ட் வெளியே வந்து வரவேற்று, கீழே சூடான சூப் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஏணியிலிருந்து இறங்கும்போது சரிந்து விழுந்தார். எலும்பும் தோலுமாக இருந்தவரை விமானத்தில் ஏற்றும் அளவுக்குத் தேற்ற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அந்தச் சின்ன அறையில் நால்வரும் இருந்தார்கள்.

இன்றைய அழைப்பு

பேர்டின் கதையிலிருந்து இன்றைய ஏற்பாடுகள் நேராகப் பிறந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று பௌல்டர் தந்திரம் செய்து சாதித்ததை இன்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேற்கு அன்டார்க்டிகாவின் எல்ஸ்வொர்த் மலைத்தொடரில் யூனியன் கிளேசியர் என்ற முகாம், கோடையில் மட்டும் இயங்கும். தனிப்பயணிகள் பலரும் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் போன் செய்து, தாம் நிற்கும் இடம், அன்று கடந்த தூரம், வானிலை, உடல்நிலை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அழைப்பு வராவிட்டால் ஒரு கெடு. கெடு தாண்டினால் தேடல். ‘நான் நலம், தேடாதீர்கள்’ என்று முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டுப் போக இங்கே இடமில்லை.

பயணியிடம் இடங்காட்டும் கருவியும் இருக்கும்; வரைபடத்தில் புள்ளியாக அவர் நகர்வது ஊருக்கே தெரியும். பின் குரல் எதற்கு? புள்ளி நகர்கிறது என்றால் ஆள் உயிரோடிருக்கிறார் என்று மட்டும் பொருள். கடுங்குளிரில் உடல் வெப்பம் இறங்கும்போது தோன்றும் முதல் அறிகுறிகளாக மருத்துவர்கள் நான்கைச் சொல்வார்கள்: நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல், கைநழுவல், காரணமில்லாத சிடுசிடுப்பு. நான்கில் இரண்டைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். அதற்கு மறுமுனையில் இருப்பவர், இவர் நலமாயிருக்கும்போது எப்படிப் பேசுவார் என்று அறிந்தவராக இருக்க வேண்டும்.

பனியில் ஒரு விமான நிலையம்

தேடல் என்றால் விமானம். யூனியன் கிளேசியரில் ‘நீலப்பனி’ ஓடுதளம் ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் காற்று, விழும் பனித்துகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவதால் அடியிலிருக்கும் பழைய, இறுகிய பனிக்கட்டி வெளியே தெரிகிறது. பெரிய சரக்கு விமானம் சக்கரத்தோடு இறங்கும் அளவுக்கு அது கெட்டி. சிலி நாட்டின் புன்டா அரீனாஸ் நகரத்திலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் பறந்து வருகிறார்கள். வழுக்குவதால் பிரேக்கை நம்ப முடியாது. எஞ்சின் விசையை எதிர்த்திசையில் திருப்பித்தான் நிறுத்துகிறார்கள்.

முகாமிலிருந்து பயணி இருக்கும் இடத்துக்குப் போவது ட்வின் ஆட்டர் போன்ற சிறு விமானம். சக்கரத்துக்குப் பதில் சறுக்குகள். துருவம் வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் நடுவழியில் எரிபொருள் பீப்பாய்களை முன்பே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மேகமும் பனியும் ஒரே வெண்மையாகிவிட்ட நாளில் விமானிக்குத் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே நோயுற்றவரே கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, காற்று எப்படி, பனியில் மேடுபள்ளம் தெரிகிறதா, எவ்வளவு தூரம் பார்வை போகிறது என்று சொல்ல வேண்டும். விமான நிலைய அதிகாரி, வானிலை ஆய்வாளர், நோயாளி மூவரும் அங்கே ஒரே ஆள்தான்.

நிறுத்தச் சொல்வது யார்?

இவ்வளவு இருந்தும் தவறாது என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் முன்னாள் ராணுவ அதிகாரி ஹென்றி வொர்ஸ்லி, 55 வயதில் அன்டார்க்டிகாவைத் தனியாக, துணையின்றிக் கடக்க 2015 நவம்பரில் புறப்பட்டார். 71 நாளில் சுமார் 1,470 கிலோமீட்டர் போய்விட்டார். முடிவிடம் இன்னும் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். இரண்டு நாள் கூடாரத்தை விட்டு எழ முடியாமல் கிடந்தபின், 2016 ஜனவரி 22 அன்று தம்மை மீட்கும்படி அவரே அழைத்தார். விமானம் போனது, முகாமுக்கும் பிறகு புன்டா அரீனாஸ் மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். வயிற்றின் உள்சவ்வில் பாக்டீரியா தொற்று இருந்தது அங்கேதான் தெரிந்தது. ஜனவரி 24 அன்று இறந்தார்.

அவர் நாள்தோறும் தம் குரலைப் பதிவுசெய்து உலகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். தகவலுக்குக் குறைவில்லை. யாரையும் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. பேர்டின் விஷயத்தில் வழக்கம் என்று ஒன்று தெளிவாக இருந்தது, அதிலிருந்து விலகல் தெரிந்தது. எழுபது நாள் பட்டினியும் உழைப்புமாகப் போன ஒருவருக்கோ வலியும் சோர்வுமே வழக்கம். புதிதாக வரும் ஒரு வலி, பழைய வலிகளின் கூட்டத்தில் கலந்துவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்லத் தொலைபேசியால் முடியாது.

ஆகவே என் கணிப்பு இது: ஒரு தனிப்பயணத்தின் பாதுகாப்பைப் பயணியின் துணிவை வைத்தோ கருவிகளின் விலையை வைத்தோ அளக்கக்கூடாது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் உரிமை பயணியைத் தவிர வேறு யாருக்கு உண்டு, எந்த நிலையில் உண்டு என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குளிரிலும் பசியிலும் நஞ்சிலும் முதலில் மங்குவது அந்த முடிவை எடுக்க வேண்டிய மூளை.

நம்மில் யாரும் தென்துருவம் போகப்போவதில்லை. ஆனால் மலையேறவோ மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றவோ தனியே கிளம்புகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேச்சு நன்கு பழகிய ஒருவரிடம், தினம் எத்தனை மணிக்கு அழைப்பேன், அழைக்காவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், அதன்பின் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் தாளால் உங்கள் பையின் எடை கூடாது.